கால் மணி நேரம் அசையாமல்

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது மூன்றாவது முறையாக உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி நடந்தே வந்துகொண்டிருந்தேன். கையில் ஸ்கேன் படங்கள் இருந்த பை. எறிந்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தும் எறியவில்லை. தாராபுரம் பஸ் ஏற வேண்டும். அங்கே எனக்குத் தெரிந்த ரிக் வண்டி ஒன்று, பாறையில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி, அந்த வாரம் ராய்ப்பூர் பக்கம் புறப்பட இருந்தது. அதில் ஏறிக்கொண்டால் ஆறு மாதத்துக்கு யாரும் என்னைத் தேட மாட்டார்கள்.

உட்கார்ந்தது ஒரு பேக்கரி வாசலில். பழக்கத்தில் ஒரு டீயும் பன்னும் கேட்டுவிட்டேன். பன்னை டீயில் முக்கி வாயில் வைத்தேன். நெஞ்சுக்குழி வரை போய் நின்றது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் அதன் மேலேயே நின்றது. பிறகு எல்லாம் திரும்பி வந்தது. ஓரமாகத் துப்பிவிட்டு வந்தேன்.

டீ மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, சூடு எச்சாயிருச்சுங்களா?"

"இல்லீங்க. எறங்க மாட்டீங்குது."

"எத்தனை நாளாங்க?"

"மூணு மாசமாச்சு."

"ஆஸ்பத்திரியில காட்டலீங்களா?"

"காட்டிட்டுத்தான் வாரேன்."

அவர் பால் குண்டாவை இறக்கி வைத்துவிட்டு என்னையும் பையையும் பார்த்தார். "ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்குதுங்க. நீங்க இந்தப் பக்கமாப் போறீங்க" என்றார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். உணவுக்குழாயின் கீழ்ப்பாதியில் புற்று. எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்கு அப்படித்தான் சொல்கிறது. "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "நாளைக்கு யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க, விவரமாப் பேசலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எழுந்து நடந்தேன். நோயைக் கேட்டு அல்ல. எட்டாவதில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். லாரி கிளீனர், சாயப்பட்டறை, பிறகு பதினேழு வருடம் ரிக். நாற்பத்தொன்பது வயதில் கூட்டிப்போக ஒருவரும் இல்லாத அளவுக்கு ஊர் ஊராகப் போயிருந்தேன்.

ஒருத்தி இருந்தாள். என் தங்கச்சி பூங்கொடி, அதே கோயமுத்தூரில், பீளமேட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில். அம்மா இறந்தபோது வந்தேன். காரியம் முடிந்த அன்று, அவள் இலை போட்டுவிட்டுக் கூப்பிடுவதற்குள் பஸ் ஏறிவிட்டேன். அது நடந்து பதினோரு வருடம். பேக்கரி வாசலில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் போன் செய்தேன்.

"எங்கீங்கண்ணா நிக்கறீங்க?" என்றாள். சொன்னேன். "அங்கயே நில்லுங்க. எங்கீம் போயிராதீங்க." வேறு எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினாள்.

அன்றிரவு அவள் வீட்டில் தங்கி, மறுநாள் இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம்.

அறுவை சிகிச்சை கிடையாது என்றார் முதலில். நெஞ்சைத் திறக்க வேண்டும், ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், என் நுரையீரல் அதைத் தாங்காது.

"பீடி குடிப்பீங்களா?"

"உட்டு எட்டு வருசமாச்சுங்க."

"இது பீடி மட்டும் இல்லைங்க. என்ன வேலை பார்த்தீங்க?"

ரிக் என்றேன். அவர் என் படத்தில் வெள்ளையாகத் தெரிந்த கீறல்களைக் காட்டினார். பாறையில் துளை போடும் ராடு இறங்கும்போது மாவு போலக் கல்தூள் எழும். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வோம், ஒரு மணி நேரத்தில் துண்டையும் அவிழ்த்துவிடுவோம். பதினேழு வருடத் தூள் உள்ளே தழும்பாக நின்றிருந்தது. ஆகவே எனக்குக் கதிர்வீச்சும், வாரத்துக்கு ஒரு முறை ஊசி மருந்தும். கதிர்வீச்சை எங்கள் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற கதிர்தான், அதைவிடப் பல மடங்கு வலு உள்ளது. படும்போது வலியும் இல்லை, சூடும் இல்லை.

"உணவுக்குழாய் எங்க இருக்குன்னா, ரெண்டு நுரையீரலுக்கும் நடுவுல, இதயத்துக்குப் பின்னாடி, முதுகுத்தண்டுக்கு முன்னாடி" என்றார் டாக்டரம்மா. "கதிர் எந்தப் பக்கத்துல இருந்து போனாலும் இதுல ஏதோ ஒண்ணு வழியாத்தான் போகணும். மத்தவங்களுக்குக் கொஞ்சம் பட்டாத் தாங்கிக்குவாங்க. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நுரையீரல் போச்சுன்னா, மாடிப்படி ஏற முடியாது."

பூங்கொடி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "புத்தும் போகோணும், மூச்சும் மிஞ்சோணும்ங்க. மூச்சில்லாம உக்கார வெச்சுச் சோறு போட்டாங்கன்னா நான் இருக்க மாட்டேன்." மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு வேலை இல்லாத வாழ்க்கை தெரியாது, அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து டாக்டரம்மா மூன்று திட்டங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினார். இயற்பியல் படித்த ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் இதற்காகவே இருக்கிறார். என் சி.டி. ஸ்கேனை வைத்து மூன்றையும் போட்டிருந்தார். காத்திருக்கும் கூடத்தில் என்னிடம் எது நல்லது, எது நல்லது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலாவது பழைய முறை, 3டி என்கிறார்கள். முன்னால், பின்னால், பக்கத்தில் என்று மூன்று நான்கு திசைகளிலிருந்து கட்டியின் வடிவத்துக்கு வெட்டிய கதிரை அடிப்பது. சீக்கிரம் முடியும். உடம்பு சற்று அசைந்தாலும் பெரிய கெடுதல் இல்லை, ஏனென்றால் சுற்றிலும் தாராளமாகவே படுகிறது. அந்தத் தாராளம்தான் குறை. படத்தில் என் இதயத்திலும் நுரையீரலிலும் ஆரஞ்சு நிறம் அகலமாகப் படர்ந்திருந்தது. ஆரஞ்சு என்றால் அதிக அளவு.

இரண்டாவது ஐ.எம்.ஆர்.டி. இதிலும் கருவி குறிப்பிட்ட சில கோணங்களில் நிற்கும். ஆனால் கதிர் வெளியே வரும் வாயில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. அவை திறந்து மூடி, ஒரே கதிரைப் பல துண்டுகளாக்கி, ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் லேசாகவும் அனுப்பும். ஆரஞ்சு நிறம் கட்டியை ஒட்டிச் சுருங்கிவிட்டது.

மூன்றாவது வி-மேட். கருவி நிற்காமல் உடம்பைச் சுற்றிக்கொண்டே அடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கட்டியைச் சுற்றி இறுக்கமாகப் பிடிப்பதிலும் குறைவில்லை. ஆனால் என் படத்தில் ஒரு விஷயம் இருந்தது. எல்லாத் திசையிலிருந்தும் வருவதால், இரண்டு நுரையீரல் முழுவதும் இளநீல நிறம் தூறல் போலப் பரவியிருந்தது. மிகக் குறைந்த அளவுதான். நல்ல நுரையீரல் அதைப் பொருட்படுத்தாது.

"உங்களுக்கு இந்த நீலத்தைத்தான் நான் யோசிக்கறேன்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டாவதுல கோணத்தை நாமளே தேர்ந்தெடுக்கலாம். பக்கவாட்டைத் தவிர்த்துட்டு முன்னயும் பின்னயும் வெச்சா நுரையீரல் தப்பிக்கும். ஆனா எல்லைக்கோடு ரொம்ப நெருக்கம். கையைத் தலைக்கு மேல வெச்சுட்டுக் கால் மணி நேரம் அசையக் கூடாது, இருமக் கூடாது. மூணு மணி நேரத்துக்கு முன்னாடி இருந்து வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. கட்டி வயித்துக்குப் பக்கத்துல இருக்கு. வயிறு உப்புனா அதுவும் நகர்ந்துரும். இருபத்தெட்டு நாள். உங்களால முடியுமா?"

"முடியும்ங்க" என்றேன்.

பூங்கொடி சிரித்துவிட்டாள். "எங்கண்ணன் ஒரு சினிமா முழுசாப் பார்த்ததில்லீங்க டாக்டர். இடைவேளையில எந்திரிச்சுப் போயிருவாரு."

என் உடம்பின் அச்சை எடுத்தார்கள். ஒரு பெரிய பையில் படுக்கவைத்து, அதிலுள்ள காற்றை உறிஞ்சினால், பை முதுகின் வடிவத்துக்கே கல்லாக இறுகிவிடுகிறது. மார்பிலும் விலாவிலும் மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள். தினமும் அதே பையில், அதே புள்ளிக்கு நேராக. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டார்கள். சாப்பாடு இனி அதில்தான். காப்பீட்டு அட்டைக்காகப் பூங்கொடியின் வீட்டுக்காரர் திருமூர்த்தி மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டு அலைந்தார். அட்டையில் வராத மிச்சத்தையும் அவரே கட்டினார். எவ்வளவு என்று கேட்டேன். "நீங்க மொதல்ல அசையாமப் படுங்க மச்சான்" என்றார்.

கருவியை இயக்கியவர் ரபீக், கோட்டைமேட்டுக்காரர். என்னைப் படுக்கவைத்துவிட்டு, கனமான கதவுக்கு வெளியே போய்விடுவார். உள்ளே நானும் கருவியும்தான். மேலே கேமரா இருக்கிறது. "இருமல் வந்தா வெரலை மட்டும் தூக்குங்கண்ணா, நிறுத்திர்றேன்" என்றார். கதிர் தொடங்கும் முன் தினமும் ஒரு சின்ன ஸ்கேன் எடுத்து, முதல் நாள் படத்தோடு ஒட்டிப் பார்ப்பார்.

மூன்றாம் நாள் ஒட்டவில்லை.

"சாப்புட்டீங்களாண்ணா?"

"இல்லீங்க தம்பி."

"வயிறு பெருசாத் தெரியுதுங்களே."

இறக்கிவிட்டு, தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். பிறகு வைத்தார். நான்காம் நாளும் அதேதான். ஆறாம் நாள் டாக்டரம்மாவே வந்தார். "தினமும் இப்படி நகர்ந்தா நான் எல்லைக்கோட்டை அகலப்படுத்தித்தான் ஆகணும். அகலப்படுத்தினா நுரையீரல்ல படும். அப்புறம் இந்தத் திட்டத்துக்கு அர்த்தமே இல்லைங்க. உண்மையச் சொல்லுங்க, என்ன சாப்பிடறீங்க?"

நான் பொய் சொன்னதாக அந்த நிமிடம் வரை நினைக்கவில்லை. காலை ஏழரைக்குக் குழாயில் சத்துமாவு போகும். பதினொன்றரைக்குக் கரண்ட். அது சரிதான். ஆனால் பத்தே காலுக்கு நான் செருப்பு போடும்போது பூங்கொடி ஒரு சொம்போடு வருவாள். கம்மங்கஞ்சி, மோர் ஊற்றி மெல்லிய துணியில் வடிகட்டியது. எங்கள் பக்கம் ஒருவரை வெறும் வயிற்றோடு வீட்டை விட்டு அனுப்புவது கிடையாது. கரண்ட் பில் எடுக்க வருகிறவருக்குக்கூட ஒரு வாய் மோராவது கொடுத்துத்தான் அனுப்புவார்கள். கஞ்சித் தண்ணியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதும் இல்லை. அதற்கு மேல், பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் போட்ட இலையை விட்டுப் போனவன் நான். அவள் கையில் சொம்பைப் பார்த்தால் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குழாயின் மூடியைத் திறந்து காட்டுவேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு சொம்பா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பூங்கொடியிடம் சொல்வதுதான் அந்த இருபத்தெட்டு நாளில் கடினமான வேலை.

"அம்மணி, நாளையிலிருந்து போகும்போது கஞ்சி வேண்டாம்."

அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "ஏன், புளிச்சுப் போச்சுங்களா?" என்றாள்.

"வயிறு உப்பிக்குது. அதுல கரண்ட் தடம் மாறிப்போகுதாம். நுரையீரல்ல பட்டுப்போடும்."

"ஒரு சொம்புக் கஞ்சியிலயா?"

"ஒரு சொம்புலதான்."

அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கும் வெறும் வயித்தோடதான் போனீங்க. இலையை நான்தான் மடிச்சு எடுத்தேன். இன்னைக்கும் நானே அப்படி அனுப்போணுமாக்கும்."

"திரும்பி வாரேனல்ல" என்றேன். அது பதிலாகத் தோன்றவில்லை.

மறுநாள் பத்தே காலுக்கு அவள் சொம்போடு வரவில்லை. சேலை மாற்றிக்கொண்டு, தூக்குப்போசியில் கஞ்சியை அடைத்துக்கொண்டு, மொபெட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளும் எதுவும் சாப்பிடவில்லை என்று திருமூர்த்திதான் சொன்னார். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே விரதமாட்ட இருக்குது. எந்த சாமிக்குன்னுதான் தெரியல."

"நீங்க பேசாம வேலைக்குப் போங்க" என்றாள் அவரிடம்.

அன்று ரபீக் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் சொன்னார்: "அச்சு மாதிரி ஒக்காந்துருச்சுங்கண்ணா." வெளியே வந்ததும் காத்திருக்கும் கூடத்தின் மூலையில் வைத்துப் பூங்கொடி குழாயில் கஞ்சியை ஊற்றினாள். கடைசிச் சொட்டு இறங்கிய பிறகு, தன் பையிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துத் தின்றாள். மீதி இருந்த இருபத்தொரு நாளும் அப்படியே நடந்தது.

அசையாமல் கிடப்பதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மனதுக்குள் கிணறு போட்டேன். ஒரு ராடு இருபது அடி. கெட்டிப் பாறையில் ஒரு ராடு இறங்க ஐந்து நிமிடம். மூன்று ராடு இறக்கினால் கால் மணி நேரம். ஒவ்வொரு அடியையும் எண்ணுவேன். மண் போய் ஓடைக்கல் வரும், பிறகு கருங்கல். ராடு ஓடும்போது ரிக்காரன் கையை எடுக்க மாட்டான், அந்தப் பழக்கம் உதவியது. ஒரு நாள் ஐந்தாவது கோணத்தில் இருமல் தொண்டைக்கு வந்துவிட்டது. விரலைத் தூக்கினேன். நிறுத்தினார்கள். இருமி முடித்ததும் மறுபடி ஸ்கேன், மறுபடி முதல் ராடு.

கூடத்தில் என் பக்கத்து நாற்காலி வரதராஜண்ணனுடையது. பம்ப்செட் பட்டறை முதலாளி, தெலுங்கு பேசுகிற குடும்பம். அவருக்கும் உணவுக்குழாய்தான், சற்று மேலே, கழுத்துப் பக்கம். அவருக்கு வி-மேட் கொடுத்தார்கள். உள்ளே போனால் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்துவிடுவார்.

"என்னப்பா பழனிச்சாமி, எனக்கு மூணு நிமிசம், உனக்கு மட்டும் கால் மணி நேரம். உனக்கு எச்சா வெக்கறாங்களா, இல்ல எனக்கு ஏமாத்தறாங்களா?"

"ஒரே மெசினுதாங்கண்ணா. உங்க நுரையீரல் புதுசு."

"அறுபத்தாறு வயசாச்சுப்பா எனக்கு."

"ரிக்குல இருந்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்ங்."

அவர் டாக்டரம்மாவிடம் தனக்கும் கால் மணி நேரத் திட்டம் வேண்டும் என்று கேட்டே விட்டார். அவருக்குக் கட்டி இருக்கும் இடத்துக்குச் சுற்றி வருகிற முறைதான் தண்டுவடத்தையும் எச்சில் சுரப்பிகளையும் காப்பாற்றுகிறது என்று விளக்கி அனுப்பினார்கள். எனவே இதைப் படிக்கிறவர்கள் ஐ.எம்.ஆர்.டி. வேண்டும் என்று போய்க் கேட்க வேண்டாம். உங்கள் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நிறம் எங்கே படுகிறது, ஏன் என்று கேளுங்கள். சொல்வார்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரிந்தது. எச்சில் நூலாகக் கெட்டிப்பட்டது. முதுகில் ஒரு கட்டம் கறுத்தது. நான்காவது வாரம் ரத்த அணுக்கள் குறைந்ததால் ஊசி மருந்தை ஒரு வாரம் நிறுத்தினார்கள், கரண்டை நிறுத்தவில்லை. ஒரு நாள் காலை எழ முடியவில்லை. கட்டிலில் இருந்தபடியே, இன்று வேண்டாம் என்றேன். பூங்கொடி வாசலில் மொபெட்டை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். லைனில் இருந்த எல்லா வீட்டுக்காரர்களும் வெளியே வந்தார்கள். எழுந்து போனேன்.

இருபத்தெட்டாம் நாள் எதுவும் விசேஷமாக நடக்கவில்லை. ரபீக் கை கொடுத்தார். எரிச்சல் அதற்குப் பிறகும் மூன்று வாரம் இருந்தது. சிகிச்சை முடிந்த ஆறாவது வாரம் மூக்குக் குழாயை எடுத்தார்கள். முதலில் இறங்கியது ரசம், பிறகு குழைந்த சோறு.

மூன்று மாதம் கழித்து எண்டோஸ்கோப்பியில் கட்டி இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது. அன்றே விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டி ஆறு நிமிடம் தாழ்வாரத்தில் நடக்கவிட்டார்கள். சிகிச்சைக்கு முன்னாலும் இதே சோதனை வைத்திருந்தார்கள். டாக்டரம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு குறைஞ்சுதுங்க?" என்று கேட்டேன்.

"குறையலைங்க. முன்னால நடந்த தூரம்தான் இப்பவும்." பிறகு சேர்த்துக்கொண்டார்: "ரிக் பக்கம் மட்டும் போகாதீங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும். இன்னும் ரொம்ப நாள் பார்க்க வேண்டியிருக்கு."

நோய் திரும்பி வரலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. நானும் மறந்துவிடவில்லை.

அன்று மாலையே பொள்ளாச்சி பஸ் ஏறினேன். இந்த முறை பூங்கொடியிடம் சொல்லிவிட்டு, அவள் போட்ட இலையில் மெதுவாக முக்கால் மணி நேரம் சாப்பிட்டுவிட்டு. ஆனைமலைக்கு அக்கட்டால ஒரு தென்னந்தோப்பில் ஆள் வேண்டும் என்று திருமூர்த்திக்குத் தெரிந்த காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். சொட்டுநீர்க் குழாய்களைச் சரிசெய்யும் வேலை. தூள் இல்லாத வேலை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தோப்பில் நின்றேன். காண்ட்ராக்டர் என் மெலிந்த தோளைப் பார்த்தார். மரத்தடிகளில் விரல் தடிமனில் கறுப்புக் குழாய்கள் கிடந்தன. தண்ணீரில் உள்ள உப்பு பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, வாய் வைத்து ஊதி, அடைப்பை வெளியே தள்ள வேண்டும்.

"ஏனுங்க, மூச்சுப் பத்துங்களா? இல்லீன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆளை விட்டுக்கறேன்."

நான் முதல் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். நகரவில்லை. நன்றாக இழுத்துப் பிடித்து மறுபடி ஊதினேன். வெள்ளைக் கட்டி ஒன்று தெறித்து மண்ணில் விழுந்தது. மாட்டியதும் தண்ணீர் வந்தது.

"எத்தனை மரம்ங்க?" என்று கேட்டேன்.

"எழுநூத்திச் சொச்சம்ங்."

அடுத்த மரத்துக்குப் போனேன்.